லைவ் லினக்ஸில் தொலைவழி நுழைவு

பென் டிரைவிலிருந்து இயங்கும் லைவ் லினக்ஸுக்குள் வேறொரு கணினியிலிருந்து நுழைய எஸ்எஸ்எச் சேவை வேண்டும். ஆர்ச் லினக்ஸின் நிறுவல் படிமத்தில் அது தொடக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் ரூட் கணக்குக்குக் கடவுச்சொல் கிடையாது, வெற்றுக் கடவுச்சொல்லை எஸ்எஸ்எச் ஏற்பதில்லை. ஒன்றை வைத்துவிட்டால் போதும். டெபியன் லைவ் படிமத்தில் நிலைமை தலைகீழ்: எஸ்எஸ்எச் சர்வரைத் தனியாக நிறுவ வேண்டும், கடவுச்சொல்லோ 'லைவ்' என்ற ஊரறிந்த ரகசியம். நிறுவிய கையோடு சேவை 22-ஆம் போர்ட்டில் காத்திருக்கத் தொடங்கிவிடும். ஆகவே கடவுச்சொல்லை மாற்றிய பிறகே நிறுவ வேண்டும். அவசரத்தில் புரள்வது இந்த வரிசைதான். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. காஞ்சிபுரத்தின் ஓரிக்கையில் உள்ள தறிவீடு ஒன்றில் அப்படியொரு மடிக்கணினி விண்டோஸ் எழாமல் முரண்டினால், லைவ் லினக்ஸை ஏற்றி, உள்ளே கிடக்கும் சேலை புட்டா, கரை டிசைன் கோப்புகளை அதே வைஃபையில் உள்ள இன்னொரு கணினிக்கு இழுத்துக்கொள்ளலாம். அணைத்ததும் புதிய கடவுச்சொல் உட்பட லைவ் லினக்ஸில் செய்த மாற்றங்கள் எல்லாம் அழியும். அடுத்த முறை அடையாளச் சாவியும் புதிதாக உருவாகும். எதிர்முனைக் கணினி மிரட்டலாக எச்சரிக்கும். அதிலுள்ள பழைய சாவிப் பதிவை நீக்கினால் இணைப்பு கிடைத்துவிடும்.