உராய்வுன்னா என்ன அண்ணாச்சி?

எங்க பக்கம் பட்டாசு ஆலை வெடிச்சா மறுநாள் பேப்பர்ல வர்ற செய்தியை, வெடிக்கறதுக்கு முன்னாடியே டைப் அடிச்சு வச்சிடலாம். ஊர் பேரு, எத்தனை அறை தரைமட்டம், எத்தனை பேர் பலி... இந்த மூணு இடத்தை மட்டும் காலியா விட்டா போதும். மிச்சம் எல்லாம் அதே வாக்கியம்தான். மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம் என முதற்கட்ட விசாரணையில் தெரிய வந்துள்ளது.

2021 பிப்ரவரி 12-ந் தேதி, சாத்தூர் பக்கம் ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்துல மதிய நேரத்துல வெடிச்சுது. பேன்சி ரகப் பட்டாசு செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. குறைஞ்சது 20 உயிர். காரணம்? உராய்வு. சரியா 13 நாள் கழிச்சு காளையார்குறிச்சி. அப்புறம் 2023 அக்டோபர்ல ரெங்கபாளையம், 2024 பிப்ரவரில ராமுதேவன்பட்டி, மே மாசம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலைல சின்னக்காமன்பட்டி. ஊர் பேரு மட்டும் பஸ் போர்டு மாதிரி மாறிக்கிட்டே இருக்கு.

நான் பொட்டி தட்டுறவன். எங்க ஆபீஸ்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சர்வர் படுத்துட்டா, காலையில "ஏன் படுத்துச்சு"ன்னு ஒரு அறிக்கை கேப்பாங்க. "ஒருத்தன் தப்பான பட்டனை அமுக்கிட்டான்"னு எழுதிக் குடுத்தா மூஞ்சில விட்டெறிவாங்க. அமுக்குற மாதிரி அந்த பட்டன் ஏன் அங்க இருந்துச்சு, அமுக்கினதும் தடுக்க ஏன் எதுவும் இல்லைன்னு அடுத்த கேள்வி வரும், அதுக்கு அடுத்த கேள்வி வரும். இத்தனைக்கும் செத்தது ஒரு இரும்புப் பொட்டி. 20 பேர் செத்ததுக்கு "உராய்வு"ங்கற ஒரே வார்த்தையோட ஃபைலை மூடிடறோம்.

உராய்வுங்கறது காரணமே இல்லைங்க. அது பௌதிகம். மனுஷன் நடந்தா உராய்வு, தட்டை நகர்த்தினா உராய்வு, சேலை முந்தி தரையில பட்டா உராய்வு. கேக்க வேண்டிய கேள்வி, எது மேல எது உராய்ஞ்சுது? மருந்து இருக்கக்கூடாத இடத்துல மருந்து எப்படி வந்துச்சு?

பட்டாசு வேலைக்குப் போற சொந்தக்காரங்க இருந்தா அவங்க கையைப் பார்த்திருப்பீங்க. அலுமினியப் பவுடர் ஏறி, வெள்ளி முலாம் பூசின மாதிரி மினுங்கும். சோப்பு போட்டாலும் நகக்கண்ணுல இருந்து போகாது. கையிலேயே இப்படின்னா, அறைக்குள்ள? வெடியுப்பு, பச்சை உப்பு, கந்தகம், அலுமினியம்னு கலந்த மருந்து தட்டு விளிம்புல ஒட்டும், ரப்பர் விரிப்போட ஓரத்துல ஒட்டும், தரை வெடிப்புல இறங்கும். கம்பி மத்தாப்பு மாதிரி பசை சேர்த்துக் குழைக்கிற ரகம்னா கேக்கவே வேணாம், காய்ஞ்சு பொருக்குத் தட்டிப் போய் உக்காந்திருக்கும். சட்டியில இருக்குற மருந்து மேல எல்லாருக்கும் பயம் உண்டு. அதைத் தொடும்போது கை தானா பதமாப் போகும். பொருக்கு மேல யாருக்கும் பயம் கிடையாது, ஏன்னா அது அழுக்கு. அழுக்கை யாரும் வெடிபொருளா நினைக்கிறதில்லை. அதைத்தான் காலு மிதிக்கும், தட்டு உரசும்.

இன்னொண்ணு. பொருக்குக்கு உராய்வு கூட வேணாம். அலுமினியமும் நைட்ரேட்டும் சேர்ந்த கலவையில ஈரம் பட்டா மெல்ல மெல்ல வினை நடந்து சூடாகும், அம்மோனியா வாடை அடிக்கும். இதைத் தடுக்கத்தான் கொஞ்சம் போரிக் ஆசிட் சேர்க்கறாங்க. சேர்க்காம விட்ட மிச்சம், மழைக்காலத்துல ராத்திரி முழுக்க ஒரு மூலையில குவிஞ்சு கிடந்தா? யாரும் தொடலைன்னாலும் அது பாட்டுக்கு சூடேறும். இங்கே யார் மேல யார் உராய்ஞ்சாங்கன்னு அதிகாரிங்க கொஞ்சம் சொன்னா நல்லா இருக்கும்.

உராய்வு ஒண்ணும் தலைவிதி இல்லைன்னு அரசாங்கத்துக்கே தெரியும். குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்த்தா லேசா உரசினாலே பிடிச்சுக்கும்னு, அந்தக் கலவையை 1992-லேயே தடை பண்ணினாங்க. அதாவது அடுத்த கேள்வியைக் கேட்டாங்க, பதில் கிடைச்சுது, சட்டம் வந்துச்சு. சுத்தம் பத்தியும் சட்டம் இல்லாம இல்லை. இங்கிலாந்துல 1875-ல போட்ட வெடிபொருள் சட்டத்துலயே, மருந்து புழங்குற கட்டடத்துக்குள்ள மண், கல்துகள் இல்லாம சுத்தமா வச்சிருக்கணும், பாக்கெட் இல்லாத உடுப்பு போடணும், அதுக்கேத்த செருப்பு போடணும்னு இருக்கு. நம்ம 1884 சட்டத்தின் கீழ வந்த 2008 விதிகளும் சுத்தத்தைப் பத்திப் பேசுது. ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல கூடாதுன்னும் இருக்கு. விதி எல்லாம் ஜோரா இருக்கு. அந்த சுத்தத்தை யார், எந்த நேரத்துல, யார் காசுல பண்றதுங்கறதுதான் கேள்வி.

பட்டாசுல பத்து வருஷத்துக்கு மேல வேலை பார்த்த எங்க சித்திகிட்ட ஒரு தடவை கேட்டேன், "சாயங்காலம் ரூமை யாரு சித்தி கழுவுவாங்க?"

"கழுவுற நேரத்துல இன்னும் ரெண்டு தட்டு போட்டுருவம்டா"ன்னாங்க.

முடிஞ்சுது. இதை விட சுருக்கமா எந்த விசாரணைக் கமிஷனும் அறிக்கை குடுக்க முடியாது. எங்க சித்தி வேலை பார்த்த மாதிரி இடங்கள்ல கூலி பீஸ் ரேட்டு. செஞ்ச எண்ணிக்கைக்குக் காசு. விரிப்பை உதறித் துடைச்சதுக்கு எண்ணிக்கை கிடையாது. தட்டைக் கழுவினதுக்குக் கிடையாது. மிச்ச மருந்தைப் பத்திரமா கொண்டு போய்க் குடுத்துட்டு வந்ததுக்குக் கிடையாது. தரையைச் சுத்தமா வச்சுக்கிற ஆளு வாரக் கடைசியில மத்தவங்களை விடக் கம்மியா வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் "தொழிலாளர்களின் அஜாக்கிரதை"ன்னு எழுதுவோம். அஜாக்கிரதைக்குத்தான் அண்ணாச்சி நாம கூலியே குடுக்கறோம்.

ஒரு ஒப்பீடு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அமெரிக்காவுல துப்பாக்கிப் பிரியர்கள் சிலர் வீட்டுலயே ஈயத்தை உருக்கித் தோட்டா வார்ப்பாங்க. குழல்ல ஈயம் ஒட்டாம இருக்க தேன்மெழுகு மாதிரி எதையாவது தடவுவாங்க. அந்த மெழுகு பிசுபிசுன்னு மேல ஒட்டி தூசியைப் பிடிக்கும்கறது அவங்களுக்குப் பெரிய தலைவலி. துணியில கரைப்பானைத் தொட்டு ஒவ்வொண்ணா எடுத்துத் துடைச்சு வைப்பாங்க. ஒரு சாயங்காலமே போனாலும் கவலை இல்லை, பொழுதுபோக்குதானே. அவன் ஒண்ணும் எங்க சித்தியை விடப் பொறுப்பான ஆளு இல்லை. அவனுக்கு நேரம் இருக்கு, அவ்வளவுதான். பிசுக்கைத் துடைக்க வேண்டியது துணி இல்லைங்க, நேரம்.

அடுத்தது குத்தகை. அச்சங்குளத்துல உரிமம் ஒருத்தர் பேர்ல, உள்ளே நடத்திக்கிட்டு இருந்தது குத்தகைக்கு எடுத்த வேற ஆளுங்கன்னு பிறகு வெளிய வந்துச்சு. எங்க பக்கம் இது ஊரறிஞ்ச ரகசியம். சீசனுக்கு இவருக்கு நாலு ரூம், அவருக்கு அஞ்சு ரூம். வாடகை வீட்டுல குடியிருக்கறவன் சுவருக்கு வெள்ளையடிக்கிறானா? தீபாவளியோட காலி பண்ணப் போற ஆளு தரை வெடிப்பைப் பூசுவானா? போன குத்தகைக்காரன் விட்டுட்டுப் போன பொருக்கு என்ன மருந்துன்னு புதுசா வந்தவனுக்குத் தெரியாது. உரிமம் வச்சிருக்கறவருக்குத் தெரியும், ஆனா அவரு அங்க இல்லை. வெடிச்ச பிறகு போர்மேனைக் கைது பண்றதுதான் வழக்கம். அவருக்கு அறையைப் பூட்டி வேலையை நிறுத்துற அதிகாரம் இருந்துச்சான்னு யாரும் கேக்கறதில்லை.

"சுத்தம் பண்ற நேரத்துக்கும் கூலி குடுத்தா தொழில் தாங்காது தம்பி"ன்னு ஒரு குரல் வரும். வரட்டும். பெட்டி மேல ஒரு விலையை அச்சடிச்சு, 80 சதவீதம் தள்ளுபடின்னு போர்டு வைக்கிற தொழில் இது. அச்சடிக்கிற விலையில அவ்வளவு இடம் இருக்கறப்ப ஒரு மணி நேரக் கூலிக்கு மட்டும் இடம் இல்லையா? அச்சங்குளத்துல செத்தவங்க குடும்பத்துக்கு மாநில அரசு 3 லட்சம், மத்திய அரசு 2 லட்சம்னு அறிவிச்சுது. அப்புறம் பசுமைத் தீர்ப்பாயம் தலைக்கு 20 லட்சம்னு சொல்லுச்சு. 20 லட்சத்துல எத்தனை வருஷத்துக்கு எத்தனை பேருக்கு அந்த ஒரு மணி நேரக் கூலி வரும்னு கால்குலேட்டர்ல தட்டிப் பாருங்க. நான் தட்டிப் பார்த்தேன், வயிறு எரிஞ்சுது.

ஆலையை மூடுன்னு நான் சொல்லலை. வானம் பார்த்த கரிசக் காட்டுல இது இல்லைன்னா என்ன பொழைப்புன்னு எனக்கும் தெரியும், நான் படிச்ச இன்ஜினியரிங் ஃபீஸ்லயும் வெடியுப்பு வாடை உண்டு. நான் கேக்கறது சின்ன விஷயம். சாயங்காலம் கடைசி ஒரு மணி நேரம் உற்பத்தி கிடையாது, அந்த மணிக்கு பீஸ் ரேட்டு இல்லாம நேரக் கூலி, மிச்சம் எவ்வளவு திரும்பி வந்துச்சுன்னு போர்மேன் கையெழுத்து, உரிமதாரர் கையெழுத்து. குத்தகைக்காரர் கையெழுத்து செல்லாது. சோதனைக்கு வர்ற அதிகாரி பத்திரத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி விரிப்பைத் தூக்கி அடியில பாக்கட்டும்.

"ஏசியில உக்காந்துக்கிட்டு உனக்கு என்னடா தெரியும்"னு திட்ட வர்றவங்க தாராளமா திட்டலாம். அப்படியே, உங்க ஆலையில கடைசியா ரப்பர் விரிப்பைத் தூக்கிக் கழுவின தேதியையும் சேர்த்துச் சொல்லிட்டுப் போங்க.