அப்போஸ்தலன் பட்டம் யாருக்கு?

ஜார்ஜியாவின் பழைய பெயர்களில் ஒன்று ஐபீரியா. அதன் அரசன் மூன்றாம் மிரியன் 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினான். வரலாற்று நூல்களில் இந்த வாக்கியத்தின் எழுவாய் எப்போதும் அரசன்தான். மதம் மாறியது நாடு, மாற்றியவன் மன்னன். இது பொய் என்கிறேன். அதற்குச் சாட்சி அவர்களே எழுதி வைத்த கதை.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு, 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரூபினஸ் என்ற பாதிரியார் லத்தீனில் எழுதியது. பக்கூரியஸ் என்ற ஐபீரிய அரச குலத்தவர் சொல்லக் கேட்டதாக எழுதுகிறார். கதையின் மையத்தில் இருப்பவள் ஒரு போர்க்கைதி, அடிமைப் பெண். அவள் பெயரைச் சொல்பவரும் கேட்டுக்கொள்ளவில்லை, எழுதியவரும் கேட்டுக்கொள்ளவில்லை. "கைதி", அவ்வளவுதான்.

அவள் செய்ததைப் பாருங்கள். நோயுற்ற குழந்தையைக் குணமாக்குகிறாள். அரசி நோயில் விழுந்து ஆளனுப்பியபோது, பெண்ணுக்குரிய எல்லையை மீறியதாகிவிடும் என்று அரண்மனைக்குப் போக மறுக்கிறாள். அரசியோ தன்னையே அந்தக் குடிசைக்குத் தூக்கிச் செல்லச் சொல்கிறாள். அடிமையின் வாசலில் அரசி! இந்தக் காட்சியை நம் பாடப்புத்தகம் எதிலாவது கண்டீர்களா? முதலில் நம்பியவள் அரசி. அரசன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். வேட்டைக் காட்டில் பகலே இருளாகித் தனியே சிக்கிய பிறகுதான் அவனுக்கு அந்தக் கடவுள் நினைவுக்கு வந்தார்.

அரசனுக்குக் கற்பித்தவளும் அவளே. தேவாலயம் எந்த வடிவில் அமைய வேண்டும் என்று சொன்னவளும் அவளே. ஆட்களும் மாடுகளும் இழுத்தும் மூன்றாவது தூண் எழாதபோது, எல்லோரும் வீடு திரும்பிய பின் இரவெல்லாம் அங்கேயே பிரார்த்தித்தவளும் அவளே. குருமார்களை அனுப்பும்படி கான்ஸ்டன்டைனுக்குத் தூது அனுப்பச் சொன்னதும் அவள் யோசனை. குருமார் எதற்கு? வழிபாட்டு முறையை "ஒரு பெண் சொல்லத் தகுந்த அளவுக்கு" மட்டுமே அவள் கற்பித்தாள் என்கிறார் ரூபினஸ். ஒரு நாட்டையே நம்ப வைக்கலாம், ஞானஸ்நானம் கொடுக்க மட்டும் ஆண் வர வேண்டும்.

இனி உச்சம். இன்னும் திருமுழுக்குப் பெறாத அரசன் "தன் இனத்தின் அப்போஸ்தலன் ஆனான்" என்று அதே பாதிரியார் எழுதுகிறார். கடைசியில் கற்றவனுக்கு முதல் பட்டம்!

"பிறகு புனிதராக்கினார்களே, நினோ என்று பெயரிட்டு அப்போஸ்தலருக்கு நிகரானவர் என்றார்களே" என்பார்கள். ஆம். ஜார்ஜியப் பெண்களுக்கு இன்றும் பரவலாக இடும் பெயர் அது. ஆனால் நிகர் என்றால் அப்போஸ்தலர் அல்ல என்றும்தானே பொருள்? மிரியனுக்கும் அதே பட்டம் உண்டு என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பெயரோடு வேறொன்றும் ஒட்டிக்கொண்டது. பிற்கால ஜார்ஜிய வாழ்க்கை வரலாறுகளில் அவளுக்கு உயர்குடித் தந்தை வருகிறார், எருசலேமின் தலைமை ஆயர் தாய்மாமனாகிறார். யாருமில்லாத அடிமையிடம் ஒரு நாடு கற்றது என்பதை ஏற்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தன் கூந்தலால் அவள் கட்டியதாகச் சொல்லப்படும் திராட்சைக்கொடிச் சிலுவையைத் திபிலிசியில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்தத் திருச்சபையில் இன்றும் எந்தப் பெண்ணும் குருவாக முடியாது.