பள்ளிக் கட்டிடக் கடனும் பொதுமக்கள் கணக்கும்

அமெரிக்காவில் கலிபோர்னியா என்னும் மாகாணத்தில், பொதுப் பள்ளிக்கூடங்களுக்குக் கட்டிடம் கட்டவும், பழைய கட்டிடங்களைச் செப்பனிடவும் பணம் எப்படிச் சேர்க்கப்படுகிறது, அதற்குக் கணக்கு எப்படிக் காட்டப்படுகிறது என்பதைப் பற்றி இவ்வாரம் நமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம். "கலிபோர்னியாக்காரன் கட்டும் பள்ளிக்கூடத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். ஏழை, பணக்காரன் எல்லோரிடமும் வாங்கிய பொதுப் பணத்தைச் சிலர் கையில் ஒப்புவித்துவிட்டு, பிறகு அவர்களிடம் கணக்குக் கேட்பது எப்படி என்பது எந்தத் தேசத்து மனிதனும் யோசிக்க வேண்டிய காரியமாகும். அதுதான் சம்பந்தம்.

முதலாவதாக, பள்ளிக் கட்டிடம் என்பது ஊருக்கு அழகுக்காக நிற்கிற காரியமல்ல. 1933-ம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ந் தேதி மாலையில் அம்மாகாணத்து லாங் பீச் நகரத்தருகில் ஒரு பூகம்பம் உண்டாயிற்று. சுமார் 70 பள்ளிக்கூடங்கள் பாழாயின. பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பூமி அதிர்ந்தது. நாலைந்து மணி நேரம் முன்னால் அதிர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஜனங்கள் அதை விதி என்று விட்டுவிடாமல், ஒரு மாதத்திற்குள் "பீல்டு சட்டம்" என்பதாக ஒன்று செய்து, பள்ளிக் கட்டிடத்தின் வரைபடத்தை மாகாண சர்க்கார் பரிசீலித்த பிறகே கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். ஆகவே கட்டிடப் பணத்தில் நடக்கும் அஜாக்கிரதை பிள்ளைகள் உயிரில் போய் முடியும் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கும் நிலைமை சுகமாயில்லை. அமெரிக்க மத்திய சர்க்காரின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2020-ம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையில், 100-க்கு 41 பள்ளி வட்டாரங்களில், பாதிப் பள்ளிகளிலாவது காற்றோட்ட, வெப்ப, குளிர் சாதனங்களைப் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கிறதென்றும், அப்படிப்பட்ட பள்ளிகள் தேசம் முழுவதும் சுமார் 36,000 இருக்குமென்றும் கண்டிருக்கிறது. உலகத்திலேயே பெரிய பணக்கார தேசம் என்று பெயர் பெற்ற இடத்தின் யோக்கியதை இது!

இனி பணம் வரும் வழியைப் பார்ப்போம். அங்கே பள்ளிக்கூடங்கள் "பள்ளி வட்டாரம்" என்பதாகப் பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றையும் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு போர்டு நடத்தி வருகிறது. கட்டிடத்துக்கு மத்திய சர்க்கார் கொடுப்பது மிகவும் சொற்பம். பெரும்பாரம் அந்தந்த ஊராருடைய தலையிலேயே விழுகிறது. பெரிய தொகையை ஒரே வருஷ வரியில் வசூலிக்க முடியாதாகையால், போர்டு கடன் பத்திரம் வெளியிடுகிறது. பணக்காரர்களும் பாங்கிகளும் அதை வாங்குகிறார்கள். அந்தக் கடனும் வட்டியும் வட்டாரத்திலுள்ள வீடு, நிலம் முதலிய சொத்துக்களின் பேரில் போடும் தனி வரியினால் பல வருஷங்களில் தீர்க்கப்படுகின்றன. வீடில்லாதவன் தப்பினான் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்காரன் வரியில் ஒரு பங்கை வாடகையில் ஏற்றிவிடுகிறான்.

1978-ம் வருஷத்தில் அம்மாகாணத்து ஜனங்கள் 13-வது பிரேரணை என்பதை நிறைவேற்றி, சொத்து வரியை மதிப்பில் 100-க்கு 1 என்று கட்டிப் போட்டார்கள். அதனால் ஊரார் புதிதாகக் கட்டிடக் கடன் வாங்கும் வழியும் அடைபட்டுப் போயிற்று. 1986-ல் அவ்வழி மறுபடியும் திறக்கப்பட்டது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். நூற்றுக்கு அறுபத்தைந்து பேர் வேண்டுமென்றாலும், முப்பத்தைந்து பேர் வேண்டாமென்றால் பள்ளிக்கூரை ஒழுகியே தீரவேண்டும்! இந்த அநீதியைக் குறைக்க 2000-ம் வருஷத்தில் 39-வது பிரேரணை வந்தது. அதன்படி 100-க்கு 55 ஓட்டு இருந்தால் போதும்.

ஆனால் இச்சலுகை சும்மா கொடுக்கப்படவில்லை. எந்தெந்த வேலைகள் செய்யப் போகிறோம் என்ற ஜாபிதாவை முன்னாலேயே காட்ட வேண்டும். அந்தப் பணத்தை உபாத்தியாயர் சம்பளம், நிர்வாகிகள் சம்பளம், தினசரிச் செலவு ஆகியவற்றுக்குத் தொடக்கூடாது. வருஷா வருஷம் வெளி ஆடிட்டரைக் கொண்டு வரவு செலவையும், வேலை நடந்த விதத்தையும் தனித்தனியே தணிக்கை செய்ய வேண்டும். பிரஜைகள் மேற்பார்வைக் கமிட்டி ஒன்று, குறைந்தது 7 பேரோடு, ஏற்பட வேண்டும். வியாபாரிகள், முதியோர், வரி கொடுப்போர் சங்கங்களைச் சேர்ந்தவர்களும், பெற்றோர்களும் அதில் இருக்க வேண்டும். வட்டாரத்தின் சிப்பந்தியோ, கண்ட்ராக்டரோ, சாமான் விற்பவரோ அதில் இருக்கக்கூடாது.

இவ்வளவும் நல்ல ஏற்பாடுகளே என்பதை நாம் தாராளமாய் ஒப்புக்கொள்ளுகிறோம். "எங்களை நம்புங்கள்" என்று சொல்லுகிறவனிடத்தில் "கணக்கைக் காட்டு" என்று கேட்பதற்குச் சட்டமே இடங்கொடுத்திருப்பது மெச்சத்தக்கதேயாகும்.

நிற்க, இவ்வேற்பாட்டில் உள்ள ஓட்டைகளைப் பார்ப்போம்.

மேற்பார்வைக் கமிட்டியை நியமிப்பது யார்? பணத்தைச் செலவு செய்கிற அதே போர்டுதான். கணக்குச் சொல்ல வேண்டியவனே கணக்குக் கேட்பவனைப் பொறுக்கியெடுப்பது என்றால், இதை என்னவென்று சொல்லுவது? யோக்கியமான போர்டு யோக்கியமானவர்களை நியமிக்கும். அவ்விடத்தில் கமிட்டிக்கு அவ்வளவு அவசியமில்லை. அயோக்கியமான போர்டு தலையாட்டிகளை நியமிக்கும். அவ்விடத்தில்தான் கமிட்டி அவசியம்! அன்றியும், கமிட்டிக்கு வேலையைத் தேர்ந்தெடுக்கவோ, கண்ட்ராக்டை நிறுத்தவோ அதிகாரமில்லை. பார்த்து, ஊராருக்கு அறிக்கை செய்வதே அதன் தொழில்.

இரண்டாவது, ஜாபிதாவின் சங்கதி. "வகுப்பறைகளைச் செப்பனிடுதல், சாதனங்களைப் புதுப்பித்தல்" என்று பொதுவாக எழுதிவிட்டால், எந்தச் செலவும் அதற்குள் அடங்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தார் 2013-ல் பிள்ளைகளுக்கெல்லாம் கையில் பிடிக்கும் டாப்லெட் யந்திரம் கொடுப்பதென்று 100 கோடி டாலருக்கு மேற்பட்ட திட்டமொன்றைக் கட்டிடக் கடன் பணத்தைக் கொண்டு துவக்கினார்கள். பலத்த ஆட்சேபணைகளின் மேல் 2014-ல் அதை நிறுத்தினார்கள். பள்ளிக்குச் சாமான்கள் வாங்கவும் சட்டம் இடங்கொடுக்கிறதுதான். ஆனால் சில வருஷத்தில் பழசாகிவிடும் யந்திரத்துக்குப் பல பத்து வருஷம் வட்டி கட்டுவது புத்திசாலித்தனமா என்று ஆடிட்டர் கேட்கமாட்டார். ஜாபிதாவில் இருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்பதோடு அவர் வேலை தீர்ந்தது. ரசீது சரியாயிருப்பதாலேயே செலவு சரியாகிவிடுமா?

மூன்றாவது, வட்டி. இதுதான் பாமர மக்களுக்குத் தெரியாமலே வைக்கப்படுகிற ரகசியம். சான் டியகோ பக்கத்திலுள்ள போவே என்னும் பள்ளி வட்டாரம் 2011-ல் சுமார் 10½ கோடி டாலர் கடன் வாங்கியது. முதல் 20 வருஷத்துக்கு அசலும் வேண்டாம், வட்டியும் வேண்டாம். பிறகு 2051 வரையில் தீர்க்க வேண்டிய மொத்தம் சுமார் 98 கோடி டாலர்! அதாவது ஒன்றுக்கு ஒன்பது. ஏன் இப்படி வாங்கினார்கள்? வரி விகிதம் ஏறாது என்று ஊராருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வாக்குக்குள் உடனே வட்டி கட்ட இடமில்லை. ஆகவே பாரத்தை நாளைக்கு வரப்போகிறவன் முதுகில் தள்ளினார்கள். அவ்வருஷம் பிறந்த குழந்தை இருபது வயதில் கட்ட ஆரம்பித்து, நாற்பது வயதில்தான் தீர்க்கும். கடன் வாங்கிக் கொடுத்தவர்கள் அப்போது எங்கே இருப்பார்களோ! ஊரில் கூச்சல் எழும்பி, 2013-ல் மாகாண சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அதன்படி இம்மாதிரிக் கடனில் திருப்பிக் கொடுப்பது அசலைப் போல் நாலு மடங்குக்கு மேல் போகக்கூடாது, 25 வருஷத்துக்கு மேலும் நீளக்கூடாது. நல்லதே. ஆனால் போவே ஜனங்களுக்கு அந்தச் சட்டம் பிந்தி வந்தது.

நாலாவது, ஏழை ஊர் பணக்கார ஊர் என்கின்ற வித்தியாசம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வட்டாரத்தில் 1,000 பிள்ளைகள், சொத்து மதிப்பு 100 கோடி டாலர். இன்னொன்றிலும் 1,000 பிள்ளைகள், சொத்து 10 கோடி டாலர். இரண்டிலும் லட்சத்துக்கு 60 டாலர் என்று ஒரே விகிதத்தில் வரி போட்டால், முதல் ஊரில் வருஷத்துக்கு 6 லட்சம் டாலர் வரும். இரண்டாவதில் 60,000 டாலர்தான் வரும். இரண்டு ஊராரும் ஒரே விகிதத்தில் கஷ்டப்பட்டும், ஒரு பிள்ளைக்கு 600 டாலர், மற்றப் பிள்ளைக்கு 60 டாலர். இது அந்தப் பிள்ளை செய்த குற்றமா? மாகாண சர்க்கார் புதுக்கட்டிடத்துக்குப் பாதியும், பழுது பார்ப்பதற்கு 100-க்கு 60-ம் கொடுத்து வந்தது. ஆனால் தன் பங்கை முதலில் எடுத்து வைக்கிறவனுக்கும், முந்தி மனுப் போடுகிறவனுக்குமே அது சீக்கிரம் கிடைக்கும். மிகவும் கஷ்டப்படுகிற வட்டாரங்களுக்கு முழுத் தொகையும் கொடுக்க ஒரு வழி உண்டென்பது மெய். 2024 நவம்பரில் 1,000 கோடி டாலர் மாகாணக் கடனுக்கு ஜனங்கள் சம்மதித்தபோது, ஏழை வட்டாரங்களுக்கு இப்பங்கு 100-க்கு 55 வரையிலும், 65 வரையிலும் உயர இடமுண்டாயிற்று. நூற்றுக்கு ஐந்து! பத்து மடங்கு வித்தியாசத்துக்கு இது போதுமா?

ஐந்தாவது, பராமரிப்பு. கடன் பணத்தில் கட்டலாம். ஆனால் கட்டினதைத் தினமும் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்ள அதை எடுக்கக்கூடாது. அதற்காகத்தான், மாகாண உதவி வாங்குகிறவர்கள் பொதுச் செலவில் 100-க்கு 3 பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கூரையில் ஒரு ஓட்டை விழுந்த அன்றே அடைத்தால் சொற்பச் செலவு. பத்து வருஷம் கழித்து அடைத்தால் கூரையே புதிது. பராமரிப்பைக் குறைத்துவிட்டுப் பிறகு கடன் கேட்டு ஓட்டுக்கு வருகிறவர்கள், தங்கள் சோம்பலுக்கு ஊராரை வட்டி கட்டச் சொல்லுகிறவர்களேயாவார்கள்.

"இப்படிக் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டால் ஜனங்கள் வரி கொடுக்கவே மாட்டார்கள், பள்ளிக்கூடம்தான் கெட்டுப் போகும்" என்று சில நல்லவர்கள் சொல்லுகிறார்கள். நாம் அதை ஒப்பவில்லை. கணக்குச் சரியாயிருக்கிற ஊரில் ஜனங்கள் மறுபடியும் கொடுக்கிறார்கள். ஒரு தரம் ஏமாந்தவன்தான் மறுதரம் கையை இழுத்துக்கொள்ளுகிறான். பள்ளிக்கூடத்துக்கு விரோதி கேள்வி கேட்பவனல்ல, கேள்விக்குப் பதில் சொல்லாதவனே.

ஆகவே நாம் சொல்லுவதென்னவென்றால், மேற்பார்வைக் கமிட்டியைப் போர்டு நியமிக்காமல் வேறொரு ஸ்தாபனம் நியமிக்கட்டும். ஜாபிதாவில் ஒவ்வொரு வேலைக்கு நேராகவும் மதிப்புத் தொகையும், முடியும் வருஷமும் எழுதட்டும். வருஷந்தோறும் அதற்கு நேரே செலவான தொகையையும், முடிந்ததா இல்லையா என்பதையும் எழுதி, ஒரே காகிதத்தில், எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் விளங்கும்படி வெளியிடட்டும். ஓட்டுக் கேட்கும்போது அசல் இவ்வளவு என்று மட்டும் சொல்லாமல், வட்டியோடு மொத்தம் இவ்வளவு, கடைசித் தவணை இந்த வருஷம் என்று பெரிய எழுத்தில் போடட்டும். ஏழை வட்டாரத்துப் பிள்ளைக்கு மாகாணம் தாராளமாய்க் கை கொடுக்கட்டும்.

தோழர்களே! பெரிய மனிதர்கள் கையொப்பமிட்டிருக்கிறார்கள், ஆடிட்டர் முத்திரை வைத்திருக்கிறார் என்பதற்காக ஒரு கணக்கை ஒப்புக்கொள்ளுவது அறிவுடைமையாகாது. எவ்வளவு வாங்கினாய், எதற்கு வாங்கினாய், எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும், சொன்ன வேலை முடிந்ததா என்கின்ற இந்த நாலு கேள்விகளைக் கேட்பதற்குக் காலேஜ் படிப்பு வேண்டியதில்லை. கூச்சமில்லாத ஒரு வாயும், விடை கிடைக்கிற வரையில் உட்கார்ந்திருக்கிற பொறுமையும் இருந்தால் போதும்.