படம் எடுத்த நாள் எது?

மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவுத்திட்டத்தில் நில அளவைத் திணைக்களம் வெளியிட்ட தேசப்படங்களை வைத்துப் புவியியல் பயின்றவர் நம் பழைய மாணவருட் பலர். 1800 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அத்திணைக்களத்தின் படங்களுக்கு ஒரு நல்லொழுக்கம் இருந்தது. எந்த ஆண்டில் அளந்தது, எந்த ஆண்டில் திருத்தியது என்னும் விபரம் படத்தின் விளிம்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். படத்திற் கண்ட பாதை நேரிற் காணப்படாவிடின் மாணவன் விளிம்பை நோக்குவான்; படம் பழையது என்று அறிவான்; ஐயம் தீரும்.

இன்று தேசப்படம் மேசையை விட்டுக் கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டது. கூகுள் நிறுவனம் தன் தேசப்படச் சேவையையும், 'கூகுள் ஏர்த்' என்னும் உலகப் படத்தையும் 2005 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாள் தொட்டு, வானிலிருந்து எடுத்த படங்களை எவரும் செலவின்றிக் காண முடிகின்றது. இலண்டனிலும் தொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நம் பழைய மாணவர், தாம் பிறந்த வீட்டின் கூரையையும், கிணற்றடியையும், ஊர்க்கோயிலின் கேணியையும் இருந்த இடத்திலிருந்தே கண்டு மகிழ்கின்றனர். இது பெறற்கரிய பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், இப்பேற்றோடு ஒரு மயக்கமும் உடன் வந்துள்ளது. திரையிற் காண்பதே இன்றைய நிலை எனப் பெரும்பாலோர் கொள்கின்றனர். அஃது அவ்வாறன்று என்பதையும், நாள் அறியாது படத்தை நம்புதல் நம்மவர்க்குத் தீங்காய் முடியக்கூடும் என்பதையும் எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் இப்படங்கள் எவ்வாறு பெறப்படுகின்றன என நோக்குவோம். நம் ஊருக்கு நேர்மேலே செய்மதி ஒன்று அசையாது நின்று எந்நேரமும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். அசையாது நிற்பன போலத் தோன்றும் செய்மதிகள் உண்டு. 1956 முதல் நம் நாட்டை வாழிடமாகக் கொண்டு 2008 இற் கொழும்பில் மறைந்த ஆதர் சி. கிளாக், அத்தகையவற்றைச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என 1945 ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆயின், அவை நிற்பது பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில். அத்துணைத் தொலைவிலிருந்து முகிற்கூட்டத்தைக் காணலாம். வீட்டுக் கூரையைக் காணல் இயலாது.

கூரையைக் காட்டும் செய்மதிகள் நிலத்துக்கு மிக அண்மையில், சில நூறு கிலோமீற்றர் உயரத்தில், இரு முனைகளையும் அணுகியவாறு விரைந்து சுற்றுவன. ஐக்கிய அமெரிக்காவின் 'லான்ட்சற்' வரிசையில் முதலாவது 1972 யூலை 23 இல் ஏவப்பட்டது. அவ்வரிசையில் 2013 இலும் 2021 இலும் ஏவப்பட்ட 8 ஆம், 9 ஆம் செய்மதிகள் 705 கிலோமீற்றர் உயரத்தில் நின்று, 99 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. முற்றத்தை விளக்குமாறு கொண்டு கூட்டிச் செல்வது போல, 185 கிலோமீற்றர் அகலமான நிலக்கீற்றை அவை வரிவரியாகப் பதிவு செய்து செல்கின்றன. ஒரு லான்ட்சற் ஓரிடத்துக்கு மீண்டும் வருவதற்கு 16 நாட்கள் செல்லும். ஐரோப்பியரின் 'சென்ரினல்-2' செய்மதிகள் இரண்டு சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை வருகின்றன. இவையெல்லாம் நம் தலைக்கு மேலே கடப்பது முற்பகல் 10 மணியை அடுத்த நேரத்தில். மாலையில் நம்மூர் எவ்வாறிருக்கும் என்பதை அவை காண்பதேயில்லை.

இனி, அவை காணும் நுணுக்கமும் ஒரே தன்மைத்து அன்று. லான்ட்சற்றின் நிறப்படத்தில் ஒரு புள்ளி 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட நிலத்தைக் குறிக்கும். நம் வழக்கிற் கூறின், மூன்றரைப் பரப்புக் காணி முழுவதும் அதன் கண்ணுக்கு ஒரே புள்ளி. சென்ரினலின் புள்ளி 10 மீற்றர். 2014 இல் ஏவப்பட்ட 'வேர்ல்ட்வியூ-3' என்னும் வணிகச் செய்மதியோ 31 சென்ரிமீற்றர் வரை பிரித்தறியும். முற்றத்தில் நிற்கும் மோட்டார் வண்டி அதிற் புலப்படும், வண்டியருகே நிற்பவர் முகம் புலப்படாது. பெருநகரங்கள் பலவற்றின் மிக நுணுக்கமான படங்கள் செய்மதியில் எடுத்தனவேயல்ல, விமானத்தில் எடுத்தவை.

இங்ஙனம் பல கருவிகள் பல நாட்களில் எடுத்த துண்டுகளே திரையில் ஒன்றாகத் தைக்கப்பட்டு நம்முன் விரிகின்றன. கூகுள் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட முகிலற்ற உலகப்படம் இதற்குத் தக்க சான்று. ஓரிடத்தைப் பல நாட்களில் எடுத்த லான்ட்சற் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, முகில் மறைக்காத புள்ளிகளை மட்டும் தேர்ந்து அஃது இணைக்கப்பட்டது. அதிற் காணும் அழகிய உலகம் எந்த ஒரு நாளிலும் இருந்ததன்று. மேலும், நாம் திரையை விரித்து அருகே செல்லச் செல்ல, ஒரு செய்மதியின் படம் நீங்கி மற்றொன்றின் படம் வந்து அமரும். தொலைவிலிருந்து காணும்போது இருந்த கட்டடம் அருகே சென்றதும் மறைந்துபோதல் இதனாலேயே. அருகே காண்பது முந்திய ஆண்டின் படமாயிருத்தல் கூடும்.

இவையனைத்தையும் விட மயக்கந் தருவது வேறொன்று. கூகுள் தேசப்படத்தின் அடியிலே சிறிய எழுத்தில் ஓர் ஆண்டு காணப்படும். அதனைக் கண்டு, படம் அவ்வாண்டிலேயே எடுக்கப்பட்டது என்று துணிவோர் பலர். அது பதிப்புரிமையைக் குறிக்கும் ஆண்டேயன்றிப் படம் எடுத்த ஆண்டன்று. கூகுள் ஏர்த்திலோ படம் எடுத்த நாள் தரப்படுகின்றது. பழைய ஆண்டுகளின் படங்களை வரிசையாகப் பின்னோக்கிக் காணும் வசதியும் 2009 ஆம் ஆண்டு முதல் அதில் உண்டு. ஆயினும், தேடுவோர்க்கே அது கிடைக்கும்; தேட வேண்டும் என்று அறியாதார்க்கு இல்லை.

படங்கள் காலந்தோறும் புதுப்பிக்கப்படுகின்றனவே எனச் சிலர் வினவலாம். உண்மை. ஆயின், எல்லா நிலமும் ஒரே முறையாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. பார்ப்போர் மிக்க பெருநகரம் முந்தும். சிற்றூர் பல்லாண்டு காத்திருக்கும். 'புதுப்பித்தல்' என்னுஞ் சொல்லும் எப்போதும் புதியதைத் தருதல் என்னும் பொருளுடையதன்று. ஐக்கிய அமெரிக்காவிலுள்ள நியூ ஓர்லியன்சு நகரின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 2005 ஓகஸ்ட் மாத இறுதியிற் 'கத்திரினா' புயல் அந்நகரைத் தாக்கியது. நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. அழிவைக் காட்டும் படங்கள் கூகுள் தேசப்படத்தில் இடம்பெற்றன. பின்னர் அவை நீக்கப்பட்டு, புயலுக்கு முன் எடுத்த படங்கள் அவ்விடத்தில் வைக்கப்பட்டன. வீடிழந்த மக்கள், அழிந்த தம் தெருக்கள் திரையில் அழியாது நிற்பதைக் கண்டு வெகுண்டனர். 2007 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உபகுழு ஒன்றின் தலைவர் விளக்கங் கேட்டுக் கடிதம் எழுதினார். பழைய படம் நுணுக்கத்திற் சிறந்ததாதலின் அதனை இட்டோம் என்பதே நிறுவனத்தாரின் விடை. சில நாட்களில் 2006 இல் எடுத்த விமானப் படங்கள் அங்கே இடப்பட்டன. தீய நோக்கம் எதுவும் இன்றியே, 'தெளிவான படமே நல்ல படம்' என்னும் ஒரு தீர்மானத்தால், ஒரு நகரத்தின் துயரம் உலகின் கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று. இதுவே நாம் கருத்தூன்ற வேண்டிய இடம்.

நம் நாட்டுக்கு வருவோம். முகில் குறைந்த படங்களையே தேர்ந்தெடுத்து இடுவர் என்று மேலே கண்டோம். வடக்கிலும் கிழக்கிலும் மழை பொழிவது பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரை. அக்காலத்திலேயே வானம் முகிலால் மூடப்பட்டிருக்கும். ஆதலின், தெளிந்த படங்கள் வரண்ட மாதங்களில் எடுத்தனவாக அமைவதற்கே வாய்ப்பு மிகுதி. அம்மாதங்களிற் குளம் வற்றியிருக்கும். கேணியின் படிகள் வெளித்தெரியும். காலபோகம் அறுத்த மானாவாரி வயல் மண்ணிறமாய்க் கிடக்கும். மார்கழியில் அதே வயல் பச்சைப் பசேலெனக் கடல் போல அசையும் என்பதை ஊரவன் அறிவான், திரை அறியாது. திரையை மட்டும் கண்டு, 'இந்நிலம் பயிரிடப்படாத தரிசு' என எவரேனும் முடிவு கட்டுவாராயின், அம்முடிவால் இடர்ப்படுவோன் உழுதுண்ணும் ஏழையேயாவான். இடம்பெயர்ந்து பல்லாண்டு தம் காணியைக் காணாதிருந்தோர் நிறைந்த நம் நாட்டில் இது சிறு செய்தியன்று.

வேலிவழக்கு நம்மவர்க்குப் புதியதன்று. இப்பொழுது அயலவன் வேலியைத் தள்ளினான் என்பதற்குத் திரைப்படத்தைச் சான்று காட்டுவோர் தோன்றியுள்ளனர். செய்மதி சாய்ந்து நோக்கிய கோணத்தாலும், நிலத்தின் மேடு பள்ளத்தாலும், படத்தின் இடம் சில மீற்றர் வழுவுதல் உண்டு. வேலியின் வழக்கோ பெரும்பாலும் ஒரு முழத்துக்குள் அடங்குவது. அதற்கு உறுதியும், உரிமம் பெற்ற நில அளவையாளர் வரைந்த படமுமே சான்றாதல் தகும். நாடுகளுக்கிடையிலும் இத்தகைய வேலிவழக்கு நிகழ்ந்ததுண்டு. 2010 ஆம் ஆண்டில் நிக்கராகுவாப் படையினர், கொஸ்தாரிக்கா உரிமை கொண்டாடிய நிலத்தினுள் நுழைந்தபோது, அவர்தம் தலைவர் கூகுள் தேசப்படத்தின் எல்லைக்கோட்டைச் சான்று காட்டினார். அக்கோடு 2.7 கிலோமீற்றர் வரை வழுவியிருந்ததாகக் கூகுளே ஒப்புக்கொண்டது. 2015 இற் சர்வதேச நீதிமன்றம் அந்நிலம் கொஸ்தாரிக்காவுக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது.

இவ்வாறெல்லாம் கூறுதலால் செய்மதிப் படத்தை இகழ்கின்றேன் என்று எவரும் கருதற்க. நாள் அறிந்து நோக்குவார்க்கு அதனினும் சிறந்த சாட்சி அரிது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, 'குயிக்பேர்ட்' என்னும் வணிகச் செய்மதி தன் வழியே செல்கையிற் களுத்துறைக் கரையைப் படம் பிடித்தது. நேரம் காலை ஏறத்தாழ 10.20. ஊருக்குட் புகுந்த நீர் சுழன்று சுழன்று கடலுக்கு மீளுதலையும், கடலடி நிலம் வெளித்தெரிதலையும் உலகம் அப்படத்திற் கண்டது. அதே ஆண்டு சனவரி முதலாம் நாள் எடுத்த அதே கரையின் படமும் இருந்தமையால், இழந்தது யாது என்பதை அருகருகே வைத்து ஒப்பிட முடிந்தது. அவ்விரு படங்களுக்கும் மதிப்பளித்தது அவற்றின் அழகன்று. அவற்றின் நாளும் நேரமுமே. நாள் நீக்கிய படம் ஓவியம். நாள் பொறித்த படம் சாட்சி.

'இத்துணை ஆராய்ச்சி எதற்கு? வழி காட்டினாற் போதாதா?' என்பார் உளர். பேருந்து நிலையத்துக்கு வழி அறிதற்குப் போதும். காணி வாங்குதற்கும், வெள்ளம் வந்த இடத்தில் வீடு கட்டாது விடுதற்கும், ஊரின் குளத்தை மூடிவிட்டனரா என்று அறிதற்கும் போதாது. கண்ணாற் கண்டதே மெய் என்று பழகிய மக்களுக்கு, கண்டதும் பழையதாயிருக்கலாம் என்பதைக் கற்பிக்க வேண்டிய காலம் இது. அதனைக் கற்பித்தற்குக் கல்லூரியை விடத் தக்க இடம் வேறில்லை.

ஆதலின், இவ்விழா மலர் வாயிலாக ஆசிரியப் பெருமக்கள்பாலும் பழைய மாணவர்பாலும் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். புவியியல் வகுப்பில் திரைப்படத்தை நோக்கும் மாணவன் ஒவ்வொருவனும் மூன்று வினாக்களை எழுப்பப் பழகுவானாக: எடுத்தது எந்நாள்? எடுத்தவர் யார்? ஒரு புள்ளியில் அடங்கும் நிலம் எவ்வளவு? இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. லான்ட்சற் படங்கள் 2008 ஆம் ஆண்டு முதல் எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன; சென்ரினல் படங்களும் அத்தகையனவே. நாளும் நேரமும் குறிக்கப்பெற்றே அவை வருகின்றன. நம் ஊர்க் குளம் ஒன்றைத் தெரிந்து, மாதந்தோறும் அதன் நீர்ப்பரப்பைப் படத்தில் அளந்து, பின் அங்கே நேரிற் சென்று ஒப்பிட்டு எழுதும் ஏடொன்றை ஓர் ஆண்டு மாணவர் தொடங்கி, அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைப்பாராயின், சில ஆண்டுகளில் அக்குளத்தைப் பற்றி வேறெங்குங் கிடையாத அறிவு நம் கல்லூரியிற் சேரும். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் கணினியும் இணைய வசதியும் உதவுக. உள்ளூரில் வாழ்வோர் தம் ஊரின் பழைய எல்லைகளையும், மறைந்த வாய்க்கால்களையும், குளங்களின் பெயர்களையும் இளைஞர்க்குக் காட்டிக் கொடுக்குக. வானிலிருந்து எத்துணைச் செய்மதிகள் நோக்கினும், குளத்தின் பெயரை அவற்றுள் ஒன்றேனும் அறியாது.