பழத்துக்கு மார்ச் 31 தெரியாது

புனேயிலும் மும்பையிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் லீவு விட்டால் கிளம்பிப் போகிற இடம் மகாபலேஷ்வர். போனால் ஸ்ட்ராபெரி க்ரீம் சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், வாய் தாலுகாவில் ஒரு கிளைக்கு என்னை மாற்றும் வரை. அதற்கப்புறம் அந்தப் பழத்தைப் பார்த்தால் எனக்குக் கடன் கணக்குதான் ஞாபகம் வருகிறது.

இதைக் கொஞ்சம் நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். காரணம், இதில் தப்பு செய்தவர்கள் வரிசையில் நானும் இருக்கிறேன்.

முதலில் பயிரைப் பற்றி. மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெரிக்கு 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செப்டம்பர், அக்டோபரில் நாற்று நடுவார்கள். நவம்பர் கடைசியில் தொடங்கும் அறுவடை, ஏப்ரல் தாண்டியும் போகும். மேலே பாஞ்ச்கணி பக்கம் குளிர் கொஞ்சம் காப்பாற்றும். கீழே வாய் பக்கம் மார்ச்சிலேயே வெயில் மண்டையைப் பிளக்கும். வெயில் ஏறினால் பழம் சின்னதாகிவிடும், சீக்கிரம் சிவக்கும், சீக்கிரம் குழையும். மாம்பழம் மாதிரி காயாகப் பறித்துப் பழுக்க வைக்கவும் முடியாது. ஸ்ட்ராபெரி செடியிலிருந்து வந்த பிறகு பழுக்காது. அதனால் "இன்னைக்கு விட்டா போச்சு" என்ற பதற்றம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்.

2022 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? 1901-லிருந்து பதிவான மார்ச் மாதங்களிலேயே, இந்திய அளவில் பகல் வெப்பத்தின் சராசரி மிக அதிகமாக இருந்தது அந்த மாதம்தான். அதே மாதம் 28-ஆம் தேதி நான் ஒரு குடும்பத்துக்கு போன் போட்டேன். 2 லட்ச ரூபாய் பயிர்க்கடன். "காகா, 31-க்குள்ள கட்டிடுங்க, இல்லாட்டி வட்டிச் சலுகை போயிடும்" என்றேன். மிரட்டவில்லை, நல்லதுக்குத்தான் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். கிசான் கிரெடிட் கார்டில் 7 சதவீத வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 ஆகும்.

மறுநாள் அந்த வீட்டு மருமகள் வயலில் மயங்கி விழுந்தார். மதியம் ஒரு மணி. ஜாம் கம்பெனிக்குப் பழம் ஏற்றுகிற ஜீப் இரண்டு மணிக்கு வரும், அதற்குள் இன்னும் நாலு பெட்டி நிரப்ப வேண்டும் என்று காலையிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் பார்க்கப் போனபோது பெரியவர் சொன்னது: "பணம் 31-க்குள்ள வந்துடும் சாஹேப், கவலைப்படாதீங்க." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 2 லட்சத்துக்கு ஆறு மாதத்தில் அந்த 3 சதவீதம் எவ்வளவு? 3,000 ரூபாய்.

இன்னொரு கணக்கும் போட்டேன். அன்றைக்கு மதியம் அந்த வீட்டார் நாலு பேர், காலை பத்திலிருந்து ஒரு மணி வரை பறித்து, விழுந்த பிறகும் மற்றவர்கள் முடித்துக் கொடுத்தது 60 கிலோ. குழைந்தது என்று 20 கிலோவைக் கழித்துவிட்டார்கள். மிச்சம் 40 கிலோ, கிலோ 25 ரூபாய், ஆக 1,000. பெட்டிக்கும் ஜீப்புக்கும் 400 போனால் கையில் 600. நாலு பேருக்கும் சேர்த்து 16 மணி நேர வேலை. அந்த சீசனில் வெளி ஆளுக்கு அவர்கள் கொடுத்த கூலி 7 மணி நேரத்துக்கு 350, அதாவது மணிக்கு 50. 16 மணி நேரத்துக்கு 800. அந்த மதிய அறுவடையில் 200 ரூபாய் நஷ்டம்!

ஆனால் அந்த வீட்டு நோட்டில் 600 ரூபாய் வரவு என்றுதான் இருக்கும். ஏன்? வீட்டு ஆள் உழைப்புக்கு யாரும் கூலி எழுதுவதில்லை. பி.காம். படித்த நானும், கடன் விண்ணப்பத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வீட்டுப் பெண்ணின் உழைப்பு பூஜ்யம் என்று போட்டால் எந்த வெயிலிலும் எந்த அறுவடையும் லாபம்தான்.

என் கருத்து இதுதான். வெயில் காலத்தில் ஸ்ட்ராபெரியை விடியலில் தொடங்கி ஒன்பது, பத்து மணிக்குள் பறித்து நிழலுக்குக் கொண்டு போய்விட வேண்டும். வெயிலில் சூடேறிய பழம் எப்படியும் சீக்கிரம் கெடும். மிச்சத்தை சாயங்காலம் பார்க்கலாம். அதற்குள் குழைந்ததை மறுநாள் காலையில் கிள்ளி எறிந்துவிடலாம், பூஞ்சைக்கு இடம் கொடுக்காமல். கொஞ்சம் பழம் போகும். போகட்டும்.

"பழம் காத்திருக்குமா? ஏ.சி.யில் உட்கார்ந்து சொல்வது சுலபம்" என்பீர்கள். நான் நிலக்கோட்டைப் பக்கத்துக்காரன். மல்லிகை மொட்டும் காத்திருக்காது. அதனால்தான் எங்கம்மா இருட்டிலேயே தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு போய்ப் பறித்துவிட்டு வெயிலுக்கு முன்னே திரும்பிவிடுவார். காத்திருக்காத பயிருக்கு மனுஷன் நேரத்தை மாற்றிக்கொள்வது நம்ம ஊரில் புதுசு இல்லை.

நேரத்தை மாற்ற வேண்டியது விவசாயி மட்டும் இல்லை. ஜீப் காலையில் வர வேண்டும். வங்கியும் மாற வேண்டும். மார்ச் 31 எங்கள் கணக்கு முடிகிற நாள், பழம் முடிகிற நாள் இல்லை. பயிர்க்கடனின் கெடு அறுவடையையும் விற்பனையையும் பார்த்து வைக்க வேண்டியது. குறுகிய காலப் பயிருக்கு, தவணை தவறி இரண்டு பயிர்ப் பருவம் போன பிறகுதான் வாராக்கடன் என்பார்கள். பின் எதற்கு மார்ச் கடைசியில் அத்தனை போன்? அடுத்த சீசனில் என் மேஜைக்கு வந்த ஸ்ட்ராபெரிக் கடன் எல்லாவற்றுக்கும் மே 31 என்று கெடு எழுதினேன். மேலே இருந்து ஒருவர் கேட்டார், விதியைக் காட்டினேன், பேசாமல் போய்விட்டார். இதை நான் 2021-லேயே செய்திருக்கலாம். செய்யவில்லை.

நீங்களும் ஒன்று செய்யலாம். ஏப்ரலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனால் காலையிலேயே போங்கள். பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று "ஃப்ரெஷ்ஷா பறிச்சுக் குடுங்க" என்று கேட்காதீர்கள். கேட்டால் அவர்கள் மறுக்க மாட்டார்கள், இறங்கிவிடுவார்கள். காலையில் பறித்து நிழலில் வைத்த பழம்தான் நல்ல பழம்.

அந்த மருமகள் இப்போது நன்றாக இருக்கிறார். போன சீசனில் எனக்கு ஒரு பெட்டி அனுப்பியிருந்தார்கள். காசு கொடுத்ததற்கு வாங்கவில்லை. அதையும் எந்த நோட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.