மீதியைக் கச்சேரி முடிஞ்சு பார்த்துக்கலாம்

கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி என்றால் ஊருக்குள் முதலில் வந்து இறங்குபவர் மைக்செட்காரர். பெட்டிகளை இறக்கி வைப்பார், கமிட்டி ஆளைக் கூப்பிடுவார், பேசிய தொகையில் பெரும்பங்கு கைக்கு வந்த பிறகுதான் ஒயரை இழுப்பார். ஜெனரேட்டர்காரருக்கு டீசல் காசு முன்கூட்டியே போய்விடும். வேன் டிரைவர் திரும்பும் வழியில் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தித் தன் கணக்கை முடித்துக்கொள்வார். பந்தல் போட்டவர், சீரியல் செட் கட்டியவர், எல்லாருக்கும் அன்றைக்கே பட்டுவாடா. நள்ளிரவு தாண்டியும் கமிட்டித் தலைவர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பவர்கள் மேடையில் பாடி வாசித்த நாம் மட்டும்தான்.

கமிட்டிக்காரர்களைத் திட்டி டீக்கடைகளில் நாம் பேசித் தீர்த்தது போதும். அவர்கள் ஏமாற்றினார்கள் என்றால் அதற்கு நாம் இடம் கொடுத்தோம். அச்சாரத்தன்று வெற்றிலை பாக்கோடு ஒரு தொகையைக் கையில் வைத்து, ‘மீதியைக் கச்சேரி முடிஞ்சு பார்த்துக்கலாம்ணே’ என்பார்கள். ‘அதுக்கென்னண்ணே, நமக்குள்ள என்ன’ என்போம். எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எத்தனை வாத்தியம், மீதி எவ்வளவு, அதைத் தரப்போவது யார் என்று ஒரு தாளில் எழுதச் சொல்ல நமக்கு வாய் வராது. கலைஞன் காசு காசு என்று பேசினால் கௌரவக் குறைச்சல் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். உள்ளே இருந்தது பயம். எழுதிக் கேட்டால் அடுத்த குழுவுக்குப் போன் போட்டுவிடுவார்களோ என்ற பயம்.

அந்தப் பயத்தையும் நாம்தான் வளர்த்தோம். பழைய பாக்கி வராமல் மேடை ஏற மாட்டோம் என்று ஒரு குழு ஓர் ஊருக்கு வர மறுக்கும். அதைவிடக் குறைந்த தொகைக்கு அதே மேடையில் போய் ஏறியவர்கள் யார்? பக்கத்து டவுனில் நம்மோடு சேர்ந்து வாசித்தவர்கள். சில வருடங்களில் நாமே. கமிட்டி அடிக்கடி மாறும். பழைய பொருளாளரைக் கேட்டால் ‘புதுசா வந்தவங்ககிட்ட கேளுங்க’ என்பார். புதியவர் ‘அது பழைய கணக்குங்க’ என்பார். எந்த ஊரில் எந்தக் குழுவுக்கு எவ்வளவு நிற்கிறது என்று நமக்குள் ஒரு பொதுக் குறிப்பேடு இருந்திருந்தால் இந்த ஆட்டம் இரண்டாம் வருடம் செல்லாது. பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்கள் வைத்திருக்கிறோம். பாக்கி வைத்த ஊரின் பெயரை அதில் போட மனம் வரவில்லை. (நமக்குத் தராதவர் அடுத்தவனுக்கும் தராமல் போகட்டுமே என்ற சின்னப் புத்தியும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது.)

வவுச்சர் விஷயம் இன்னும் மோசம். கணக்குக் காட்டணும் என்று கேட்டதும், பணம் கைக்கு வரும் முன்பே முழுத் தொகைக்கும், சில சமயம் பேசியதைவிடக் கூடுதல் தொகைக்கும், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதற்குப் பிறகு பாக்கி என்று எந்த வாசலில் போய் நிற்பது? பெற்றுக்கொண்டேன் என்று நம் கையெழுத்தே சொல்கிறது.

இதுவரை சொன்னது வெளியாரிடம் கோட்டைவிட்ட கதை. குழுவுக்குள் நாம் செய்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. பணம் குறைந்து வந்த இரவுகளில் பங்கு எப்படிப் பிரிந்தது என்று நினைத்துப் பாருங்கள். பெரிய பாடகருக்கு முதலில், போஸ்டரில் அவர் படம்தானே இருக்கிறது. அடுத்து கீபோர்டு, அவரை விட்டால் நாளைய கச்சேரிக்கு ஆள் கிடைக்காது. டிரம்ஸுக்கும் ரிதம் பேடுக்கும் ‘நாளைக்கு ஜிபே பண்ணிடறேன் தம்பி’. தபேலா வாசித்தவருக்கும் கோரஸ் பாடியவர்களுக்கும் பஸ் காசு. அந்த நாளைக்கு என்பது தை போய் வைகாசி வந்தாலும் வராது. வந்த தொகை எவ்வளவு என்று குழுவில் இருந்த எல்லாருக்கும் சொல்லி, எல்லார் பங்கிலும் ஒரே விகிதத்தில் குறைத்திருக்கலாம். அதைச் செய்யாமல் நஷ்டத்தை அப்படியே கடைசி ஆளின் தலையில் இறக்கினோம். எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்ட பையனுக்கு அடுத்த கச்சேரியில் இடம் இல்லாமல் போனதும் உண்டு.

பாடகிகளின் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடுராத்திரியில் கமிட்டி ஆட்களோடு தெருவில் நின்று வாதாட அவர்களால் முடியாது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேர வேண்டும். அது நமக்குத் தெரியும். தெரிந்துதான் ‘இன்னைக்கு இதை வச்சுக்கம்மா’ என்று ஒரு கவரை நீட்டினோம். பிறகு முழுத் தொகை வசூலானபோதும் அந்த மீதியில் எவ்வளவு அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று நம் மனசாட்சிக்குத் தெரியும். கமிட்டி நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்தோம், அவ்வளவுதான்.

வேறு வழி நம் கண்ணெதிரே இருந்தது. இசையமைப்பாளர் எம்.பி. ஸ்ரீநிவாசன் முன்னின்று சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்கு ஒரு சங்கத்தைக் கட்டினார். வயலின்காரர் தனி ஆளாகத் தயாரிப்பாளர் முன்னால் போய்ச் சம்பளத்துக்கு நிற்கும் நிலை மாறி, கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று சங்கம் பேசும் நிலை வந்தது. இங்கிலாந்தில் வாத்தியக்காரர்கள் 1893-லேயே சங்கம் கண்டுவிட்டார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்மிலேயே சிலர் பகலில் ஸ்டுடியோவில் சங்க விகிதத்தில் வாசித்துவிட்டு, இரவில் அதே வாத்தியத்தோடு எந்த விகிதமும் இல்லாத மேடைக்கு வந்தார்கள். இரண்டையும் பார்த்தும் இங்கே ஒரு சங்கம் கட்டத் தோன்றவில்லை. மேடை சினிமாவுக்குப் போகும் படிக்கட்டு என்று நினைத்துவிட்டோம். பாடகர் எஸ்.பி.பி.யின் மேடைக் குழுவில் இளையராஜாவும் கங்கை அமரனும் வாசித்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தோம். படிக்கட்டுக்குக் கூரை வேண்டும் என்று யார் கேட்பார்கள்? நம்மில் பெரும்பாலோர் ஆயுள் முழுக்க அந்தப் படிக்கட்டிலேயே குடியிருந்தோம் என்பதுதான் விஷயம்.

தன் பாடல்களை அனுமதி இல்லாமல் மேடையில் பாடக் கூடாது என்று 2017-இல் எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனபோது யார் பக்கம் நியாயம் என்று மாதக்கணக்கில் சண்டை போட்டோம். மேடையில் பாடும் பாட்டுக்கான உரிமைத் தொகையை ஏற்பாட்டாளர் கட்டுவதா, குழு கட்டுவதா என்று நம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வோம் என்ற யோசனை அந்தச் சண்டையில் எழவில்லை. ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால்தானே எழுதுவதற்கு.

சட்டம் நமக்கு விரோதி இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், நிரூபிப்பதுதான் பாடு. செய்த வேலைக்கான கூலி கேட்டு 3 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செக் பணமில்லாமல் திரும்பினால், வங்கி அதைத் தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கோர்ட் கட்டணம் இல்லாமலே சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். நாம் என்ன செய்தோம்? திரும்பிய செக்கை பீரோவில் பத்திரமாக வைத்து, கெடு தாண்டிய பிறகு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினோம்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற ஒலிமாசு விதிகள் 2000-இல் வந்தவை. கமிட்டிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆனாலும் ஒன்பதரை வரை மேடையில் முக்கியப் பிரமுகர்களுக்குச் சால்வை போர்த்தும் படலம் நடக்கும். பத்தே காலுக்குப் போலீஸ் வந்து நிறுத்தச் சொல்லும். ‘பாதிக் கச்சேரிதானே நடந்துச்சு’ என்று பாதிப் பணம் வரும். அனுமதி வாங்குவது உங்கள் பொறுப்பு, சொன்ன நேரத்துக்கு நாங்கள் தயாராக இருந்தால் முழுத்தொகை என்று இரண்டு வரி எழுதி வாங்க இத்தனை வருடம் நமக்குப் போதவில்லை. மழைக்கும் அதே இரண்டு வரிதான்.

அச்சாரமாகப் பாதி, முதல் பாட்டுக்கு முன் மீதி. இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள். இதை ஒரே ஒரு குழு கேட்டால் அதைத் திமிர் என்பார்கள். மாவட்டத்தில் இருக்கிற குழுக்கள் எல்லாம் கேட்டால் அது வழக்கமாகிவிடும். ஆனால் அதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது. குழுத் தலைவராக இருப்பவர்களே, வருகிற பங்குனிக்கு அச்சாரம் வாங்கும் முன், போன சீசனில் நீங்கள் யார் யாருக்கு மீதி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதைக் கொடுத்து முடியுங்கள். நம் பாக்கியைத் தீர்க்காமல் கமிட்டியிடம் போய் நியாயம் கேட்டால், நம் தபேலாக்காரர்கூட நமக்காக வந்து நிற்க மாட்டார்.