தீயிட்டவரும் எடைக்கு விற்றவரும்

1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. ஆண்டுதோறும் அதனை நினைந்து வருந்துகின்றோம், வருந்துதல் தக்கதே. ஆயின், நம் வீட்டுப் பெட்டகத்திலிருந்த கடிதங்களைக் கடைக்காரனுக்கு எடைக்கு விற்றவர் யார்? நிழற்படங்களைக் கறையானுக்கு இரையாக்கியவர் யார்? அவ்வழிவுக்கு எவரைக் குற்றஞ்சாட்டுவோம்?

“காணி உறுதி இருந்தாற் போதும், மற்றவை குப்பை” என்பர் நம்மவர். உறுதி, நிலம் எவருக்குரியது என்பதைக் கூறும். மலாயாவில் உத்தியோகம் பார்த்த மகன் தாய்க்கு என்ன எழுதினான் என்பதைக் கூறுமா? அவ்வகைச் செய்தியை எந்த அரசாங்கச் சுவடிக்கூடமும் நமக்காகச் சேர்த்து வைப்பதில்லை.

“கைத்தொலைபேசியிற் படம்பிடித்துவிட்டோமே” என்பர் வேறு சிலர். தொலைபேசி பழுதுற்றால் அப்பிரதியும் அழியும். மூலத்தை எறிந்தவர் மீண்டும் எதனைப் படம்பிடிப்பார்? 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகமும் எஞ்சியவற்றையே பதிவுசெய்ய வல்லது.

வேண்டுவது பெருஞ்செலவன்று. இறப்பர் பட்டியையும் துருவேறும் குண்டூசியையும் அகற்றுக. கிழிந்த தாளுக்கு ஒட்டுநாடா இடாதொழிக. ஈரமற்ற அறையில், நிலத்திற் படாமல் வைக்குக. பழைய படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலாற் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறிக்குக. அவற்றைச் சொல்லவல்ல மூத்தோர் உள்ளபோதே கேட்டுக் குறிக்குக. பெயரறியா முகம் நூறாண்டு அழியாதிருந்தும் பயனென்ன?

வரலாற்றுக்குச் சான்றில்லையென மேடையிற் குறைகூறும் மாணவரும் விரிவுரையாளரும் இவ்விடுமுறையில் முதலிலே தத்தம் வீட்டுப் பெட்டகத்தைத் திறப்பாராக. பிறர் மூட்டிய தீயை நம்மால் தடுக்க இயலவில்லை. நமது அலட்சியத்தைத் தடுக்க எவருடைய அனுமதி வேண்டும்?